கம்ப்யூட்டரில் செல்போன் ஆப்கள்: எமுலேட்டர் எங்கே கைகொடுக்கும், எங்கே கைவிடும்

கேட்டவரின் நிலைமை இதுதான். செல்போன் பழையது, உள்ளே இடமில்லை. கையில் ஓரளவு நல்ல லேப்டாப் இருக்கிறது. போனில் போட முடியாத ஆப்களை அதில் ஓட்டலாமே என்று ஒரு எமுலேட்டரை இறக்கிப் போட்டிருக்கிறார். அது திறக்கவே பத்து நிமிடம் ஆகிறது. ஒரு கேம் இன்ஸ்டால் ஆகவே மாட்டேன் என்கிறது. வங்கி ஆப் இன்ஸ்டால் ஆகிறது, ஆனால் திறந்தவுடன் "இந்தச் சாதனத்தில் இயங்காது" என்று சொல்லி மூடிக்கொள்கிறது. "இதைவிட நல்ல எமுலேட்டர் எது?" என்று கேட்கிறார்.

எமுலேட்டரை மாற்றுவதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள். நீங்கள் சொன்ன மூன்று தொல்லைகளுக்கும் வெவ்வேறு காரணங்கள். முதல் தொல்லை, கம்ப்யூட்டரில் ஒரே ஒரு செட்டிங்கை மாற்றினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். இரண்டாவதைச் சில நேரம் தீர்க்கலாம். மூன்றாவது தீராது, தீர்க்க முயலவும் வேண்டாம். இந்தக் காரணங்கள் புரியாமல் ஒன்று போய் இன்னொன்று என்று ஐந்து எமுலேட்டரைப் போட்டுப் பார்த்து அலுத்துப்போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மொபைல் ஆப் எழுதுவதுதான் என் வேலை. காலையில் திறந்த எமுலேட்டர் இரவு வரை என் திரையில் திறந்தே கிடக்கும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில், உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம். எமுலேட்டர் உங்கள் கம்ப்யூட்டருக்குள் ஒரு முழு ஆண்ட்ராய்டு கருவியை மென்பொருளாலேயே உருவாக்குகிறது. அதற்கென்று தனி நினைவகம், தனி டிஸ்க், தனி நெட்வொர்க், ஒரு தொடுதிரை எல்லாம் உண்டு. உள்ளே ஓடும் ஆண்ட்ராய்டுக்குத் தான் ஒரு லேப்டாப்பின் வயிற்றில் இருப்பது தெரியாது. வேறொரு இயந்திரத்துக்கு எழுதிய நிரலை இந்த இயந்திரத்தில் ஓட்டும் வித்தை ஆண்ட்ராய்டோடு வந்ததல்ல. ஐபிஎம் 1964-ல் அறிவித்த சிஸ்டம்/360 கணினிகளில் சில, அதற்கு முந்தைய 1401 கணினிக்கு எழுதிய நிரல்களை அப்படியே ஓட்டின. ஆண்ட்ராய்டு விஷயத்தில் எமுலேட்டர் போனுக்கே மூத்தது. கூகுள் 2007 நவம்பரில் ஆப் எழுதுவோருக்கான கருவித்தொகுப்பை வெளியிட்டபோதே அதில் எமுலேட்டர் இருந்தது. முதல் ஆண்ட்ராய்டு போன் கடைக்கு வந்தது 2008-ல்தான். ஏறக்குறைய ஒரு வருடம், உலகத்தில் யார் கையிலும் இல்லாத ஒரு போனுக்கு ஆப் எழுதி எமுலேட்டரில் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த எமுலேட்டருக்கு அடித்தளம், ஃபப்ரீஸ் பெல்லார் என்ற பிரெஞ்சு நிரலாளர் 2003-ல் வெளியிட்ட க்யூஎமு என்ற மென்பொருள். இன்றைக்கும் கூகுளின் எமுலேட்டர் அதன் மேல்தான் நிற்கிறது.

இனி அந்தப் பத்து நிமிட விஷயத்துக்கு வருகிறேன்.

போனில் இருக்கும் பிராசசர் ஆர்ம் வகை. உங்கள் லேப்டாப்பில் இன்டெல் அல்லது ஏஎம்டி பிராசசர் இருந்தால் அது எக்ஸ்86 வகை. இரண்டும் வேறு வேறு மொழி பேசுகின்றன. ஆர்ம் ஆணை ஒவ்வொன்றையும் எக்ஸ்86 ஆணைகளாக மொழிபெயர்த்துக்கொண்டே ஓடினால் வேகம் படுத்துவிடும், ஏனென்றால் அங்கே ஒரு ஆணை இங்கே பல ஆணைகளாக விரியும். பழைய எமுலேட்டர்கள் இதைத்தான் செய்தன. இப்போதைய வழி வேறு. ஆண்ட்ராய்டையே எக்ஸ்86 பிராசசருக்காகத் தொகுத்து, அதைப் பிராசசரின் மேல் நேரடியாக ஓடவிடுகிறார்கள். இப்படி ஒரு இயங்குதளத்துக்குள் இன்னொன்றைப் பத்திரமாகப் பிரித்து ஓட்டுவதற்குப் பிராசசரிலேயே ஒரு வசதி வேண்டும். இன்டெல் 2005-லும் ஏஎம்டி 2006-லும் அதைக் கொடுத்துவிட்டன. அதன் பெயர் விர்ச்சுவலைசேஷன். உங்கள் லேப்டாப் அதற்கப்புறம் வந்ததுதான், அதனால் அந்த வசதி இருக்கும். ஆனால் பல கம்ப்யூட்டர்கள் அதை அணைத்து வைத்த நிலையிலேயே வீட்டுக்கு வருகின்றன. அணைந்திருந்தால் எமுலேட்டர் எல்லாவற்றையும் மென்பொருளாலேயே செய்ய வேண்டியிருக்கும், அப்போதுதான் பத்து நிமிடம் ஆகும்.

போன வருடம் என் அக்கா மகன் இதே புகாரோடு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தான். மூன்றாவது எமுலேட்டரும் சரியில்லை மாமா, ராம் கூட்ட வேண்டும் போல என்றான். திறந்து வைத்தோம். ஃபேன் இரைகிறது, ஜன்னலில் ஆண்ட்ராய்டு எழுத்து மங்கி மங்கி ஒளிர்கிறது, முகப்புத் திரை வருகிற வழியாக இல்லை. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் சிபியு-வைத் தொட்டால், வரைபடத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் "விர்ச்சுவலைசேஷன்" என்று ஒரு வரி இருக்கும். அவன் லேப்டாப்பில் அதற்கு எதிரே "டிசேபிள்டு" என்றிருந்தது. மெஷினை அணைத்து, திரும்ப ஆன் ஆகும்போது எஃப்2 அழுத்தி, விண்டோஸ் தொடங்கும் முன்பே வன்பொருள் செட்டிங்குகளைக் காட்டும் பயாஸுக்குள் போனோம். ஏஎம்டி பிராசசர் என்பதால் அங்கே அதற்கு "எஸ்விஎம் மோட்" என்று பெயர். இன்டெல் என்றால் "விடி-எக்ஸ்" என்றோ "இன்டெல் விர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜி" என்றோ இருக்கும். அதை "எனேபிள்டு" ஆக்கி, சேமித்து வெளியே வந்தோம். அதே எமுலேட்டர், அதே ராம். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே திறந்தோம், நாற்பது விநாடியில் முகப்புத் திரை வந்துவிட்டது. ராம் கூட்ட வைத்திருந்த காசு அவன் பையிலேயே இருந்தது.

நீங்களும் அந்த ஒரு வரியை முதலில் பாருங்கள். பயாஸுக்குள் போகும் பொத்தான் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். எஃப்2, எஃப்10, டெலீட் இவற்றில் ஒன்றாக இருக்கும். ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் விண்டோஸில் பிட்லாக்கர் டிஸ்க் பூட்டு போடப்பட்டிருந்தால், பயாஸில் எதையாவது மாற்றிய பிறகு அது மீட்புச் சாவியைக் கேட்கக்கூடும். அந்த 48 இலக்க எண் எங்கே இருக்கிறது என்று முன்கூட்டியே பார்த்துக் குறித்து வைத்துக்கொண்டு உள்ளே போங்கள்.

"எனேபிள்டு" என்றே இருந்தும் மெதுவாக ஓடினால், அடுத்த சந்தேகம் விண்டோஸின் சொந்த விர்ச்சுவலைசேஷன் மென்பொருளான ஹைப்பர்-வி மேல். விண்டோஸே இப்போது தன் பாதுகாப்பு வேலைகளுக்கும் லினக்ஸ் துணை அமைப்புக்கும் அந்த விர்ச்சுவலைசேஷன் வசதியைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. சில எமுலேட்டர்கள் அதே வசதியைத் தங்களுக்கு மட்டும் வேண்டும் என்று கேட்கும். இரண்டுக்கும் ஒத்துப்போகாது. "மெமரி இன்டெக்ரிட்டியை அணைத்துவிடு, ஹைப்பர்-வியை நீக்கிவிடு" என்று வழிகாட்டிகள் சொல்லும். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு கேமுக்காக முழுக் கம்ப்யூட்டரின் பாதுகாப்பை இறக்கி வைப்பது சரியான பேரம் இல்லை. "டர்ன் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் ஆன் ஆர் ஆஃப்" பட்டியலில் "விண்டோஸ் ஹைப்பர்வைசர் பிளாட்ஃபார்ம்" என்று ஒன்று இருக்கும். அதை டிக் செய்து மெஷினை ரீஸ்டார்ட் செய்யுங்கள். அதன் மேலேயே ஓடத் தெரிந்த எமுலேட்டரைத் தேர்ந்தெடுங்கள். ஆப் எழுதுவதற்கான கூகுளின் மென்பொருள் ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ, அதன் எமுலேட்டர் அப்படி ஓடும். புளூஸ்டாக்ஸ் என்ற எமுலேட்டரிலும் ஹைப்பர்-வி இருக்கும்போது ஓடும் வழி உண்டு. இன்னொன்று, பழைய குறிப்புகளில் எமுலேட்டரை வேகப்படுத்த இன்டெல் ஹாக்ஸம் என்ற ஒன்றை இன்ஸ்டால் செய்யச் சொல்லியிருப்பார்கள். இன்டெல் 2023-ல் அதைக் கைவிட்டுவிட்டது, அதைத் தேடி அலைய வேண்டாம். லினக்ஸில் இந்தச் சிக்கலே பெரும்பாலும் இல்லை. 2007-லிருந்து அதன் மையப் பகுதியான கெர்னலுக்குள்ளேயே இந்த வேலையைச் செய்யும் கேவிஎம் இருக்கிறது.

இரண்டாவது தொல்லை, இன்ஸ்டால் ஆகாத கேம். இதைக் கண்ணால் பார்த்தே புரிந்துகொள்ளலாம். ஆப்பை இன்ஸ்டால் செய்யப் பயன்படும் ஏபிகே ஃபைல் உண்மையில் ஒரு ஜிப் ஃபைல்தான். அதன் பெயரின் கடைசியில் இருக்கும் ஏபிகே என்பதை ஜிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள். உள்ளே "கிளாசஸ்" என்று தொடங்கும் ஃபைல்கள் இருக்கும். அவை ஜாவாவிலோ கோட்லினிலோ எழுதிய பகுதி. எந்தப் பிராசசருக்கும் சொந்தமில்லாத ஒரு பொதுமொழியில் இருக்கும், ஓட்டும் இடத்தில் ஆண்ட்ராய்டு அதை அந்தந்தப் பிராசசரின் மொழிக்கு மாற்றிக்கொள்ளும். குறிப்பெடுக்கும் ஆப், செய்தி ஆப், கணக்கு எழுதும் ஆப் போன்ற பல எளிய ஆப்கள் இதோடு முடிந்துவிடும். அவை எந்த எமுலேட்டரிலும் ஓடும். ஆனால் "லிப்" என்று ஒரு ஃபோல்டரும் இருந்தால் அதற்குள் போய்ப் பாருங்கள். அங்கே ஒவ்வொரு பிராசசர் வகைக்கும் ஒரு உள்ஃபோல்டர் இருக்கும். சி, சி++ மொழிகளில் எழுதி, குறிப்பிட்ட பிராசசருக்கென்றே தொகுத்த பகுதிகள் அவை. கேம்கள், வீடியோ எடிட்டிங் ஆப்கள், கேமரா ஃபில்டர் ஆப்கள் ஆகியவற்றின் உயிரே அங்கேதான். அந்த ஃபோல்டரில் ஆர்ம் மட்டும் இருந்து எக்ஸ்86 இல்லையென்றால், உங்கள் எமுலேட்டர் "பொருத்தமான ஏபிஐ (ABI, அதாவது பிராசசர் வகை) இல்லை" என்று கைவிரித்துவிடும். கேம் செய்கிறவர்களைக் குறை சொல்ல முடியாது. எக்ஸ்86 போன்கள் சந்தையில் ஏறக்குறைய இல்லாமலே போய்விட்டன, அதற்காகத் தனியாகத் தொகுத்துச் சோதிப்பதற்கு அவர்களுக்குக் காரணம் இல்லை.

இதற்கும் ஒரு மருந்து உண்டு. ஆர்ம் பகுதிகளை மட்டும் போகிற போக்கில் மொழிபெயர்க்கும் ஒரு அடுக்கை எமுலேட்டருக்குள் வைக்கிறார்கள். இன்டெல் செய்த ஹூடினி அதில் பிரபலம், கூகுளும் சொந்தமாக ஒன்று வைத்திருக்கிறது. 2020-ல் வந்த ஆண்ட்ராய்டு 11-இன் எக்ஸ்86 இமேஜில், அதாவது எமுலேட்டரில் போடும் ஆண்ட்ராய்டுப் பிரதியில், கூகுள் இதைச் சேர்த்தது. அதன் அழகு என்னவென்றால், ஆண்ட்ராய்டு முழுவதும் நேரடி வேகத்தில் ஓடும், அந்த ஒரு ஆப்பின் ஆர்ம் பகுதி மட்டும்தான் மொழிபெயர்ப்பு வழியாகப் போகும். ஆகவே ஒரு ஆப் இன்ஸ்டால் ஆகவில்லையென்றால் உங்கள் எமுலேட்டருக்குள் ஓடும் ஆண்ட்ராய்டு எந்தப் பதிப்பு என்று பாருங்கள். ஆண்ட்ராய்டு 7 அல்லது 9-இல் இருந்தால் 11-க்கு மேல் உள்ள ஒன்றைப் புதிதாக உருவாக்கிப் பாருங்கள். பாதிப் புகார்கள் இங்கேயே தீர்ந்துவிடுகின்றன.

இன்ஸ்டால் ஆகி, திறந்ததும் செத்துவிழும் ஆப்களுக்கு வேறொரு காரணம் இருக்கலாம். 2021 ஆகஸ்டிலிருந்து பிளே ஸ்டோரில் வரும் புது ஆப்கள் ஒரே ஏபிகேயாக வருவதில்லை. உங்கள் கருவியின் பிராசசர், திரை, மொழி இவற்றைப் பார்த்து ஸ்டோர் அதற்கேற்ற துண்டுகளை மட்டும் கொடுக்கிறது. யாரோ தன் போனிலிருந்து எடுத்துக் கொடுத்த அடிப்படைத் துண்டை மட்டும் நீங்கள் இழுத்துப் போட்டால், மற்ற துண்டுகள் இல்லாமல் அது நின்றுபோகும். பிளே ஸ்டோர் உள்ள எமுலேட்டரில் ஸ்டோர் வழியாகவே இன்ஸ்டால் செய்வது இதனால்தான் நல்லது. எங்கிருந்தோ இறக்கும் ஏபிகேயில் யார் எதைச் சேர்த்தார்கள் என்று உங்களுக்குத் தெரியவும் வழியில்லை.

ஆப்பிளின் எம் வரிசை மேக் வைத்திருப்பவர்களுக்கு இந்த மொழித் தொல்லையே கிடையாது. அந்தப் பிராசசரும் ஆர்ம்தான். ஆர்ம் ஆண்ட்ராய்டு இமேஜ் அதில் நேரடியாக ஓடும்.

இப்போது வங்கி ஆப். இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் இங்கேதான் பலர் தப்பான வழியில் போகிறார்கள்.

வங்கி ஆப் திறக்கும்போது கூகுளிடம் ஒரு கேள்வி கேட்கிறது: "நான் ஓடுவது உண்மையான, மாற்றியமைக்கப்படாத கருவியிலா?" முன்பு இதற்கு சேஃப்டிநெட் என்று பெயர், இப்போது பிளே இன்டெக்ரிட்டி. இப்போதைய போன்களில் பிராசசருக்குள்ளேயே தனித்துப் பூட்டிய ஒரு பகுதி உண்டு. தொழிற்சாலையிலேயே அதற்குள் ஒரு ரகசியச் சாவியை வைத்து அனுப்புகிறார்கள். "நான் அசல்" என்ற சான்றிதழில் அந்தச் சாவிதான் கையெழுத்துப் போடும். எமுலேட்டரில் எல்லாமே மென்பொருள். தொழிற்சாலையில் வைத்த சாவி அதனிடம் இல்லை, அதனால் அந்தக் கையெழுத்தைப் போட அதனால் முடியாது. எந்த எமுலேட்டரை மாற்றினாலும் இது மாறாது.

இதை ஏமாற்றுவதற்கு ரூட் செய் (அதாவது ஆண்ட்ராய்டின் பூட்டுகளை உடைத்து முழு அதிகாரத்தைக் கையில் எடு), இந்த மாட்யூல் என்ற துணை நிரலைப் போடு என்று காணொளிகள் இருக்கின்றன. தயவுசெய்து போகாதீர்கள். ரூட் செய்த ஒரு ஆண்ட்ராய்டுக்குள், யாரோ எழுதிய மாட்யூலின் மேல் உங்கள் வங்கிக் கணக்கைத் திறப்பது என்றால், வீட்டுச் சாவியைத் தெருவில் வைத்துவிட்டுப் போவது மாதிரி. அந்தத் தடை உங்களுக்கு எதிராகப் போட்டதல்ல. உங்கள் கணக்கை வேறொருவர் தன் எமுலேட்டரில் திறந்துவிடாமல் காப்பதும் அதே தடைதான். வங்கி வேலைக்கு வங்கியின் இணையதளத்தை பிரவுசரில் திறங்கள். பழைய போனில் மற்ற ஆப்களைக் கழித்துவிட்டு வங்கி ஆப்புக்கு மட்டும் இடம் கொடுங்கள். எமுலேட்டருக்கு நகர்த்த வேண்டியவை அந்த மற்ற ஆப்கள்தான்.

படம் பார்க்கும் ஆப்களிலும் இதற்கு உறவான ஒரு தடை உண்டு. வைட்வைன் என்ற காப்புரிமைப் பூட்டில் எல்1, எல்3 என்று நிலைகள் இருக்கின்றன. எல்1-க்கு மேலே சொன்ன மாதிரி வன்பொருள் பாதுகாப்பு வேண்டும். எமுலேட்டருக்குக் கிடைப்பது எல்3 மட்டுமே என்பதால், ஆப் ஓடினாலும் படம் மங்கலான தரத்தில்தான் வரும், சில ஆப்கள் ஓடவே ஓடாது. பிரவுசரிலேயே பார்த்துவிடுங்கள், வேலை முடிந்தது.

அப்படியானால் எமுலேட்டர் உங்களுக்கு வேண்டுமா என்பதையே ஒருமுறை யோசிக்கலாம். நீங்கள் நகர்த்த நினைக்கும் ஆப்களை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் பிரவுசரில் ஓடும் வடிவம் இருக்கிறதா என்று பாருங்கள். செய்தி அனுப்பும் ஆப்கள், மின்னஞ்சல், வரைபடம், பாட்டு, சமூக ஊடகம் ஆகியவற்றில் பெரும்பாலானவற்றுக்கு இருக்கிறது. வாட்ஸ்அப்புக்குக் கம்ப்யூட்டர் வடிவமே உண்டு. அதை எமுலேட்டரில் தனியாகப் பதிவு செய்யப் போனால், உங்கள் எண் போனிலிருந்து கழன்று எமுலேட்டருக்குப் போய்விடும், பிறகு போனில் மறுபடி பதிவு செய்ய வேண்டும்.

பெரிய திரையும் கீபோர்டும்தான் உங்கள் தேவை என்றால், போனையே கம்ப்யூட்டர் திரையில் காட்டுவது எமுலேட்டரைவிட எவ்வளவோ மேல். இதற்கு நான் முழு மனதோடு சொல்வது எஸ்சிஆர்சிபிஒய் என்ற இலவசத் திறமூல மென்பொருள். ஜெனிமோபைல் நிறுவனத்திலிருந்து 2018-ல் வந்தது. போனின் செட்டிங்ஸில் பில்ட் நம்பரை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதில் யூஎஸ்பி டிபக்கிங்கை ஆன் செய்து, கேபிளைச் சொருகி, அந்த நிரலை ஓட்டினால் போன் திரை ஜன்னலாக வந்துவிடும். மவுஸ் உங்கள் விரல், கீபோர்டில் அடிப்பது போனில் விழும். போனில் எந்த ஆப்பையும் அது விட்டுச் செல்வதில்லை, விளம்பரமும் கிடையாது. ஆண்ட்ராய்டு 11-க்கு மேல் ஒலியும் கம்ப்யூட்டரில் கேட்கும். ஓடுவது உண்மையான போனில் என்பதால் மேலே சொன்ன சான்றிதழ்த் தடை எதுவும் இல்லை, ஆனால் திரைப்பிடிப்பைத் தடுத்திருக்கும் வங்கிப் பக்கங்கள் மட்டும் கறுப்பாகத் தெரியும். வேலை முடிந்ததும் யூஎஸ்பி டிபக்கிங்கை அணைத்துவிடுங்கள். இது உங்கள் இடப் பற்றாக்குறையைத் தீர்க்காது என்பது உண்மை. ஆனால் "கம்ப்யூட்டரில் ஆப் வேண்டும்" என்று கேட்பவர்களில் பலருக்கு உண்மையில் வேண்டியிருப்பது இதுதான்.

ஐபோன் ஆப்களைப் பற்றியும் சிலர் கேட்பார்கள், சேர்த்தே சொல்லிவிடுகிறேன். ஆப் ஸ்டோரில் இருக்கும் ஆப்பை விண்டோஸில் ஓட்டும் எமுலேட்டர் என்று விற்கப்படும் எதையும் நம்ப வேண்டாம். ஐபோனைப் போன்ற ஐகான்களை அடுக்கி வைத்த வெறும் முகமூடிகள்தான் அவற்றில் கிடைக்கும். ஆப் எழுதுவதற்கான ஆப்பிளின் மென்பொருளான எக்ஸ்கோடில் இருக்கும் சிமுலேட்டரும் ஆப் ஸ்டோர் ஆப்களை ஓட்டாது, நீங்களே எழுதும் ஆப்பை மேக்குக்குத் தொகுத்து ஓட்டிக் காட்டும். 2020 நவம்பரில் எம்1 வந்த பிறகு, அந்த வரிசை மேக்குகளில் ஐபோன், ஐபேட் ஆப்களை நேரடியாகவே ஓட்ட முடிகிறது, ஆனால் ஆப்பை எழுதியவர் அதற்குச் சம்மதித்திருக்க வேண்டும். 2024-ல் வந்த மேக்ஓஎஸ் 15-இல் ஐபோன் திரையை மேக்கில் காட்டும் வசதியும் சேர்ந்தது.

சரி, இவ்வளவுக்குப் பிறகும் எமுலேட்டர்தான் வேண்டும் என்றால் எதைப் போடலாம்?

கேம் மட்டும்தான் என்றால் முதலில் கூகுளின் "கூகுள் பிளே கேம்ஸ்" கம்ப்யூட்டர் வடிவத்தில் உங்கள் கேம் இருக்கிறதா என்று பாருங்கள். 2022-ல் சோதனை வடிவமாக வந்தது. கூகுளே நடத்துவதால் கேம் கம்பெனியோடு சண்டை இல்லை, கணக்கு முடங்கும் பயம் இல்லை. தன் சொந்த எமுலேட்டருக்கென்று பிளே இன்டெக்ரிட்டியில் கூகுள் ஒரு தனிச் சான்றையே வைத்திருக்கிறது, கேம் எழுதியவர் விரும்பினால் அதை ஏற்றுக்கொள்ளலாம். பட்டியலில் உங்கள் கேம் இல்லையென்றால் புளூஸ்டாக்ஸ், எல்டிபிளேயர், மெமு போன்றவை உண்டு. இவற்றில் புளூஸ்டாக்ஸ் 2011-லிருந்து இருக்கிறது. திரையில் தொடும் இடங்களைக் கீபோர்டு பொத்தான்களுக்கு ஒதுக்கும் வசதி இவற்றில்தான் மிக நன்றாக இருக்கும். அதற்கு விலையாக முகப்பில் விளம்பரங்களும், கேட்காமலே வரும் கேம் ஐகான்களும் இருக்கும். போட்டி கேம்களில் இன்னொன்றும் கவனியுங்கள். கீபோர்டும் மவுஸும் வைத்திருப்பவருக்கு விரலால் ஆடுபவரைவிட அனுகூலம் அதிகம் என்பதால், பப்ஜி மொபைல் போன்றவை எமுலேட்டர் ஆட்டக்காரர்களைத் தனியாகச் சேர்த்துவிடுகின்றன. அதை மறைக்கப் பார்த்தால் கணக்கு போய்விடும்.

கேம் அல்லாத ஆப்களுக்கு நான் சொல்வது ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவோடு வரும் எமுலேட்டர்தான். ஆப் எழுதத் தெரிந்திருக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை. ஸ்டூடியோவைப் போட்டு, டிவைஸ் மேனேஜரைத் திறந்து, ஒரு போன் வடிவத்தைத் தேர்ந்தெடுத்து, பிளே ஸ்டோர் அடையாளம் உள்ள இமேஜை இறக்கினால் போதும். விளம்பரம் கிடையாது, ஆண்ட்ராய்டு அசலானது, புதுப் பதிப்புகள் முதலில் வருவதும் இங்கேதான். ஜிபிஎஸ் இடம், பேட்டரி அளவு, உள்ளே வரும் அழைப்பு, கைரேகை எல்லாவற்றையும் பக்கப் பலகையிலிருந்து நீங்களே நடத்திப் பார்க்கலாம். குறை என்னவென்றால் பத்து ஜிபிக்கு மேல் டிஸ்கைப் பிடித்துக்கொள்ளும், கேமுக்கான பொத்தான் ஒதுக்கீடு கிடையாது.

லினக்ஸில் இருப்பவர்களுக்கு வேட்ராய்டு. இது எமுலேட்டரே அல்ல. ஆண்ட்ராய்டும் லினக்ஸ் கெர்னல் மேல்தான் ஓடுகிறது என்பதால், உங்கள் கெர்னலையே பகிர்ந்துகொண்டு, கன்டெய்னர் என்ற தனித்த அறைக்குள் ஆண்ட்ராய்டை ஓட்டுகிறது. இடையில் போலி இயந்திரம் இல்லாததால் வேகம் கண்ணுக்குத் தெரியும். வேலண்ட் திரை அமைப்பு வேண்டும் என்பது ஒரு நிபந்தனை.

விண்டோஸ் 11-க்குள்ளேயே ஆண்ட்ராய்டு ஆப் ஓடும் என்று மைக்ரோசாஃப்ட் 2021-ல் கொடுத்த வசதியைச் சிலர் இன்னும் சிபாரிசு செய்கிறார்கள். 2025 மார்ச் 5-ஆம் தேதியோடு அதை நிறுத்திவிட்டார்கள். யாரோ மாற்றியமைத்து வெளியிடும் பிரதிகளை இறக்க வேண்டாம்.

எதைப் போட்டாலும், அதற்குரிய இணையதளத்தில் மட்டும் இறக்குங்கள். தேடலில் முதலில் வரும் விளம்பர இணைப்பைத் தொடாதீர்கள். 2021 பிப்ரவரியில் ஈசெட் என்ற பாதுகாப்பு நிறுவனம் ஒரு தகவலை வெளியிட்டது. பெயர்பெற்ற ஒரு எமுலேட்டரின் அப்டேட் வழங்கும் அமைப்பையே யாரோ கைப்பற்றி, அதன் வழியாக ஆசியாவில் குறிப்பிட்ட மிகச் சில பயனர்களுக்கு வேவு மென்பொருளை அனுப்பியிருந்தார்கள். அசல் தளத்தில் இறக்கியவர்களுக்கே இது நடந்தது. அதனால் உங்கள் முக்கியமான கூகுள் கணக்கை எமுலேட்டரில் போடாதீர்கள். அதற்கென்று தனியாக ஒரு கணக்கைத் தொடங்குங்கள். அதில் தொடர்பு எண்கள், படங்கள், சேமித்த கடவுச்சொற்கள் எதுவும் இருக்க வேண்டாம்.

செட்டிங்ஸில் அதிகம் தோண்ட வேண்டியதில்லை. 8 ஜிபி ராம் இருந்தால் எமுலேட்டருக்கு 3 அல்லது 4 ஜிபி கொடுங்கள். அதற்கு மேல் கொடுத்தால் விண்டோஸ் மூச்சு முட்டி, இரண்டுமே இழுக்கும். பிராசசரில் பாதிக் கோர்களைக் கொடுத்தால் போதும். எஸ்எஸ்டி டிஸ்கில் வையுங்கள். படம் திக்கித் திக்கி வந்தால் கிராபிக்ஸ் முறையை ஓபன்ஜிஎல், டைரக்ட்எக்ஸ், வல்கன் என்று மாற்றிப் பாருங்கள், எது ஒத்துவரும் என்பது கார்டுக்குக் கார்டு மாறும். இரண்டு கிராபிக்ஸ் உள்ள லேப்டாப்பில் விண்டோஸ் பல நேரம் எமுலேட்டரைச் சின்னதற்கே தள்ளிவிடும். டிஸ்பிளே செட்டிங்ஸில் கிராபிக்ஸ் பகுதியில் அந்த நிரலுக்கு "ஹை பெர்ஃபார்மன்ஸ்" கொடுங்கள். சார்ஜரைச் சொருகியே ஓட்டுங்கள்.

தமிழில் தட்டச்சு செய்ய முடியவில்லை என்றும் சிலர் சொல்வார்கள். விண்டோஸில் வைத்திருக்கும் தமிழ் விசைப்பலகை எமுலேட்டருக்குள் பெரும்பாலும் போகாது. எந்தப் பொத்தான் அழுந்தியது என்பது மட்டும்தான் உள்ளே போகிறது, எழுத்து போவதில்லை. ஆண்ட்ராய்டுக்குள் கூகுளின் கீபோர்டு ஆப்பான ஜிபோர்டைப் போட்டு அதில் தமிழைச் சேர்த்துத் திரையில் தட்டலாம். நீளமாக எழுத வேண்டுமென்றால் வெளியே எழுதி, காப்பி செய்து, உள்ளே ஒட்டுவது எளிது.

நாளை நீங்களே ஆப் எழுதத் தொடங்கி, கம்ப்யூட்டரில் ஓடும் உங்கள் சர்வரை எமுலேட்டரிலிருந்து தொட முடியாமல் திணறினால் இதை நினைவில் வையுங்கள்: உள்ளே 127.0.0.1 என்பது எமுலேட்டரையே குறிக்கும். ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ எமுலேட்டரில் உங்கள் கம்ப்யூட்டரின் முகவரி 10.0.2.2. புதிதாக வருகிறவர்கள் ஒரு முழு மாலையை இதில் தொலைப்பதைப் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக உங்கள் இடப் பிரச்சினை. எமுலேட்டருக்குள் ஒரு பெரிய கேமை அழித்தாலும் லேப்டாப் டிஸ்கில் இடம் திரும்ப வராமல் போகலாம். உள்ளே இருக்கும் டிஸ்க், வெளியே ஒரே ஒரு பெரிய ஃபைல். ஆப் சேரச் சேர அது வீங்கும், ஆப் போனால் பெரும்பாலானவற்றில் தானாகச் சுருங்காது. டிஸ்க் கிளீனப் வசதி உள்ள எமுலேட்டரில் அதை ஓட்டுங்கள். இல்லையென்றால் வேண்டிய தரவுகளை வெளியே எடுத்துவிட்டு, அந்த மெய்நிகர்ப் போனை அழித்துப் புதிதாக ஒன்றை உருவாக்குங்கள். டாஸ்க் மேனேஜரில் அந்த "விர்ச்சுவலைசேஷன்" வரியில் என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். "எனேபிள்டு" என்று இருந்தும் பத்து நிமிடம் எடுத்தால், எமுலேட்டரின் பெயரையும் விண்டோஸ் பதிப்பையும் எழுதுங்கள், அங்கிருந்து பார்ப்போம்.